மாமன் பெயரில் கடன் வேண்டாம்

கேள்வி: முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். கணவருக்கு வாழைத்தோட்டத்தில் கூலி வேலை. வருமானச் சான்றிதழில் ஆண்டுக்கு 96,000 ரூபாய் என்று இருக்கிறது. மகனுக்குக் கவுன்சலிங்கில் இன்ஜினீயரிங் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அவன்தான். விடுதியோடு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் ஆகுமாம். அரசு பஸ் ஓட்டும் என் அண்ணன், “என் பெயரில் தனிநபர் கடன் எடுத்துத் தருகிறேன், எனக்கு வருமான வரியும் குறையும்” என்கிறார். தாலிச் சங்கிலியை அடகு வைக்கலாமா என்றும் யோசிக்கிறேன். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் புகையிலை வாசம் வந்தது. அதைப் படித்துவிட்டு வேறு வேலை ஓடவில்லை. பாளையங்கோட்டையில் வங்கியின் கல்விக்கடன் மேசையில் இருந்தபோது, நகையை முதலிலேயே அடகு வைத்துவிட்டு, கல்விக்கடனைப் பற்றிப் பிறகு கேட்க வந்த தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

அண்ணனின் பாசம் பெரியது. ஆனால் கணக்குத் தவறு. வருமான வரிச் சட்டம் தரும் சலுகை, தனக்கோ துணைக்கோ பிள்ளைக்கோ, தான் சட்டப்படி பாதுகாவலராக இருக்கும் மாணவருக்கோ வாங்கிய கல்விக்கடனின் வட்டிக்கு மட்டும்தான். தங்கை மகன் அதில் சேரமாட்டான். சாதாரணத் தனிநபர் கடனுக்கும் அது பொருந்தாது. நாளை உங்கள் மகனே சம்பாதித்துக் கல்விக்கடனை அடைக்கும்போது, பழைய வரிமுறையில் இருந்தால், 8 ஆண்டுகள் வரை வட்டி முழுவதையும் கழித்துக்கொள்ளலாம். அசலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

முதலில் முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிக் கல்லூரியில் கொடுத்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் அது கிடைக்கும். அடுத்தது உங்கள் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை. பலர் அதை ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் எடுத்துப் போகிறார்கள். மத்திய தொழிலாளர் நலத்துறை, பீடித் தொழிலாளர் பிள்ளைகளின் இன்ஜினீயரிங் படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை தருகிறது. ஒவ்வோர் ஆண்டும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பணம் தாமதமாகத்தான் வரும். முதல் ஆண்டுக் கட்டணத்துக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

மீதிக்குத்தான் கடன். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் மகன் பெயரில் விண்ணப்பியுங்கள். பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். 4 லட்சம் வரை நம் கைப்பணம் போட வேண்டியதில்லை. ஏழரை லட்சம் வரை சொத்தோ நகையோ ஈடு கேட்கமாட்டார்கள். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து அனுமதி வாங்குங்கள். ஆனால் பணம் ஆண்டுதோறும் நேராகக் கல்லூரிக்குத்தான் போகும், எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி ஏறும். உதவித்தொகை வந்த ஆண்டில் குறைத்து எடுங்கள்.

இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. கல்லூரிகளின் தரத்தை அளக்கும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீடு கல்லூரிக்கோ, தொழிற்படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் ‘என்பிஏ’ அமைப்பின் அங்கீகாரம் படிப்புக்கோ இருக்க வேண்டும். இடத்தை உறுதி செய்யும் முன் இதைக் கல்லூரியில் கேளுங்கள். விண்ணப்பம் கொடுக்கும்போதே வங்கியில் இந்த வட்டி மானியத்தையும் சொல்லுங்கள். கேட்காமல் போனதால் வட்டியைத் தாங்களே கட்டிய குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

வங்கிக்குப் போகும்போது சேர்க்கைக் கடிதம், நான்கு ஆண்டுக்கான கட்டண விவரக் கடிதம், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ், ஆதார், பான் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாது என்று வாயால் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.