60 ரூபாய் சர்க்கரை மாத்திரை 10 ரூபாய்க்குக் கிடைத்தால் நம்பி வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு எம்பாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. மாத்திரை ஒன்று சுமார் 60 ரூபாய்க்கு வாங்கி வந்தோம். இப்போது வேறு கம்பெனி மாத்திரை 10 ரூபாய்க்குள் கிடைக்கிறது என்கிறார்கள். போலியாக இருக்குமோ?

பதில்: பயப்பட வேண்டாம். அந்த மருந்தின் இந்தியக் காப்புரிமை (ஒரே கம்பெனி மட்டும் தயாரித்து விற்கும் உரிமை) 2025 மார்ச்சில் முடிந்தது. உடனே பல கம்பெனிகள் தயாரிப்பில் இறங்கின, விலை சரிந்தது.

மாற்றும்போது அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பிராண்டு பெயரோடு மூலப்பொருளின் பெயரும் அளவும் இருக்கும். 10 மி.கி.க்குப் பதில் 25 வந்துவிடக் கூடாது. லினாக்ளிப்டின், மெட்ஃபார்மின் போன்ற வேறு சர்க்கரை மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகளும் ஏறக்குறைய இதே பெயரில் வருகின்றன. கவுன்டரில் இங்கே தவறு நேரலாம். பெயர் ஒத்திருந்தாலும் டாபாக்ளிஃப்ளோசின் வேறு மருந்து. மூலப்பொருள் பெயரையே சீட்டில் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். பேட்ச் எண் உள்ள பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: காப்புரிமையை எதிர்த்து நோயாளிகள் மனுப் போட முடியுமா?

பதில்: முடியும். விண்ணப்பம் வெளியிடப்பட்ட பிறகு, காப்புரிமை வழங்கப்படும் முன், யார் வேண்டுமானாலும் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 25(1)-இன் கீழ் படிவம் 7ஏ-இல் ஆட்சேபிக்கலாம். ஆனால் அங்கே 'விலை அதிகம்' என்ற வாதம் எடுபடாது. பழைய மருந்தின் வேதி உப்பு வடிவத்தையோ படிக வடிவத்தையோ மாற்றியிருக்கிறார்கள், சிகிச்சைப் பலன் கூடவில்லை என்பது போன்ற காரணத்தை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். பிரிவு 3(டி) சொல்வது அதைத்தான். ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் காப்புரிமை விண்ணப்பத்தை 2013-இல் உச்ச நீதிமன்றம் ஏற்காமல் போனதும் அதனால்தான். காசநோய் மருந்து பெடாகுவிலினின் உப்பு வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமையை, காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் அது நிராகரிக்கப்பட்டது.

விலையைப் பேச வேண்டிய இடம் பிரிவு 84. காப்புரிமை கிடைத்து 3 ஆண்டு கழிந்தும் மருந்து மக்களுக்குக் கட்டுப்படியாகாவிட்டால், வேறு தயாரிப்பாளர் கட்டாய உரிமம் (காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே தயாரிக்கும் அனுமதி) கேட்கலாம். 2012-இல் புற்றுநோய் மருந்தான சோராஃபெனிபுக்கு அப்படிக் கிடைத்தது. மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த செலவு 8,880-க்கு வந்தது. செலவை இவ்வளவு குறைத்த இந்த வழியை அதன்பின் எந்த மருந்துக்கும் திறக்காதது பெரிய அநியாயம். தேசிய நெருக்கடி, மிக அவசரம் போன்ற சூழலில் கட்டாய உரிமம் தரலாம் என்று பிரிவு 92-இன்படி மத்திய அரசே முதலில் அறிவிக்கலாம். உங்கள் எம்.பி.க்கு எழுதும்போது மருந்தின் மூலப்பெயர், ஒரு மாதச் செலவு, பில் நகல், இந்தப் பிரிவு எண் நான்கையும் சேர்த்து அனுப்புங்கள்.