சோர்ந்த மனமும் மங்கும் நிறங்களும்

கேள்வி: மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவரும் என் தங்கை, முற்றத்துச் செம்பருத்திகூட வெளிறித் தெரிகிறது என்கிறாள். இது வெறும் பிரமைதானா?
— வாசகி, திருச்சி

பதில்: பிரமை என்று ஒதுக்கிவிடாதீர்கள், தங்கை சொல்வதை நம்புங்கள். ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுள்ள 40 பேரையும் நலமாக இருந்த 40 பேரையும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம்மாறிக்கொண்டே இருக்கும் திரையைப் பார்க்கவைத்து, அவர்களது விழித்திரையில் எழும் நுண்ணிய மின் அலைகளைப் பதிவுசெய்தனர். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான வேறுபாடு கூடக்கூட, நலமானவர்களின் விழித்திரை காட்டிய மறுமொழி வலுத்தது. மனச்சோர்வுள்ளவர்களிடமோ, மருந்து உட்கொண்டவர், உட்கொள்ளாதவர் என்ற பேதமின்றி, அது கணிசமாகக் குறைந்திருந்தது. நோயாளியின் சொல்லை மட்டும் சாராமல் கண்ணிலேயே இதை அளந்து காட்டினார்கள் என்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அவர்கள் அளந்தது நிறத்தை அல்ல, ஒளி வேறுபாட்டை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வேறுபாட்டை விழித்திரை பிரித்தறிவதில் டோபமைன் என்னும் வேதிப்பொருளுக்குப் பங்குண்டு. மனச்சோர்வோடும் அது தொடர்புபடுத்தப்படுவதால், காரணம் அதுவாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. நோய் தணிந்தவர்களிடம் இந்த மறுமொழி இயல்புக்குத் திரும்பியதையும் அதே குழுவினர் பின்னர் கண்டனர்.

கண்புரையும் பார்வை நரம்புக் கோளாறும்கூட நிறங்களை மங்கச் செய்யும் என்பதால், கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். மனநல மருத்துவரிடமும் இதைத் தெரிவியுங்கள். அதுவரை மாத்திரைகளைத் தாமாக நிறுத்த வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.