பாலிக் பூலாவில் பழைய பலகை வீடு: குடும்பமாகச் சேர்ந்து சரிசெய்ய முடியுமா? கழற்றும் மரத்தில் என்ன செய்யலாம்?

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில், பழத்தோட்டத்துக்குள் தாத்தா கட்டிய வீடு. இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேல் பலகை, தகரக் கூரை, முன்னால் மரத்தூண் வைத்த திண்ணை. பத்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளோடு போய் நாமே சரிசெய்யலாமா, கழற்றும் பலகையில் கைவேலை ஏதாவது செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். ஆனால் பெயிண்ட் டின் கடைசியாகத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். இப்படிப்பட்ட வீட்டைத் தின்பது தண்ணீர்தான். மேலிருந்து ஒழுகும், கீழிருந்து ஏறும். கறையானும் உளுப்பும் அதன் பின்னால் வருபவை.

நல்ல வெயில் நேரத்தில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்று கூரையைப் பாருங்கள். ஆணி ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே தரையில் கரித்துண்டால் ஒரு புள்ளி வையுங்கள். பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. அடுத்த மழையில் புள்ளி வைத்த இடம் காய்ந்திருந்து வேறு எங்காவது நனைந்தால், தண்ணீர் சட்டத்தின் வழியே ஓடி வந்து சொட்டுகிறது என்று அர்த்தம். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரிதான் காய்ந்த மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். அதனால் பொங்கல் முடிந்த கையோடு கூரையில் கை வையுங்கள். டுரியான் கிளை கூரைக்கு மேல் நீண்டிருந்தால் முதலில் அதை வெட்டுங்கள். வெட்டாமல் புதுத் தகரம் போடுவது காசைக் கரியாக்குகிற வேலை.

தகரம் பகலில் விரிந்து இரவில் சுருங்குவதால் பழைய ஆணிகள் தானாகவே மேலே எழும்பும். திரும்ப அடித்து இறக்கினால் ஆறு மாதத்தில் மறுபடி எழும்பும். பிடுங்கிவிட்டு, அதைவிடத் தடித்த, ரப்பர் வாஷர் உள்ள கூரை ஸ்குரூவைப் போடுங்கள். அலையின் மேட்டில்தான் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அதன் மேலேயே ஓடும். ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் கிழிந்து புது ஒழுகல் தொடங்கும். புதுத் தகரம் போடுவதாக இருந்தால் கீழ் வரிசையை முதலில் வைத்து, மேல் வரிசை அதன் மீது குறைந்தது 15 செண்டிமீட்டர் ஏறி உட்காரும்படி போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சமையலறைப் பக்கம் சாம்பல் நிறத்தில், தடிப்பாக, சிமெண்ட் போன்ற அலைத்தகடு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அறுக்காதீர்கள், துளைக்காதீர்கள், உடைக்காதீர்கள், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள். உடையாமல் இருந்தால் அப்படியே விடலாம். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கென்று உள்ள ஆட்களைக் கூப்பிடுங்கள்; அன்று குடும்பத்தில் யாரும் அங்கே இருக்க வேண்டாம்.

இனி தூண்கள். ஸ்குரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு தூணின் கடைசி ஒரு அடியையும் நாலு பக்கமும் குத்திப் பாருங்கள். முனை ஒரு செண்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் உள்ளே உளுத்துவிட்டது. மண் குழாய் போல ஏறியிருப்பது கறையான் பாதை. அதில் விரல் அகலத்துக்கு மட்டும் உடைத்துவிட்டு அடுத்த வாரம் பாருங்கள். அடைத்திருந்தால் கறையான் உயிரோடுதான் இருக்கிறது. அப்போது மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கடையில் வாங்கிய ஸ்ப்ரே அடிப்பதும் வேண்டாம். கூட்டம் மண்ணுக்கடியில் இருக்கும். கண்ணில் பட்ட நூறு செத்தால் மற்றவை வேறு வழியில் ஏறும். மருந்து கலந்த தீனியைத் தூண்டில் போல வைக்கிற முறை நல்லது. வேலைக்காரக் கறையான் அதைத் தின்று மற்றவற்றுக்கும் ஊட்டும், அதனால் தோல் உரிக்க முடியாமல் கூட்டமே அழியும். சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை பாதையைக் கலைக்கக் கூடாது.

தூணின் அடி மட்டும் உளுத்திருந்தால் முழுத் தூணையும் மாற்றத் தேவையில்லை. கெட்டதை அறுத்துவிட்டு, அந்த உயரத்துக்குக் கான்கிரீட் கட்டையை ஏற்றிக் கொடுப்பதுதான் என் பார்வையில் சுலபம். கட்டையை முன்கூட்டியே வார்த்து வையுங்கள்: 1 பங்கு சிமெண்ட், 2 பங்கு மணல், 4 பங்கு ஜல்லி. ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் நனைத்து, இன்னொரு வாரம் விடுங்கள். பிறகு தச்சர்கள் 10 டன் ஜேக் ஒன்றைத் தடித்த பலகை மேல் நிறுத்தி, உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, பாரம் தூணை விட்டு நீங்கும் அளவுக்கு மட்டும் உயர்த்துவார்கள். ஒரு தடவைக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் போதும். அவசரப்பட்டால் ஜன்னல் கண்ணாடி முதலில் வெடிக்கும், அப்புறம் பலகை மூட்டுகள் விடும். ஒரு நேரத்தில் ஒரு தூண்தான். இதைக் கட்டாயம் அனுபவமுள்ள தச்சரை வைத்துச் செய்யுங்கள். வீட்டுக்குள் ஆள் இருக்கக் கூடாது. கட்டைக்கும் தூணுக்கும் நடுவில், நாலு பக்கமும் 5 செண்டிமீட்டர் நீட்டிக் கீழ்நோக்கி வளைத்த கால்வனைஸ் தகடு வைக்கச் சொல்லுங்கள். கறையானை அது தடுத்துவிடாது. ஆனால் தகட்டைச் சுற்றித்தான் மண் பாதை கட்ட வேண்டியிருக்கும், உங்கள் கண்ணில் பட்டுவிடும். அமைப்பையே மாற்றுவதாக இருந்தால் மாநகர் மன்றத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

செங்கல் சுவரில் வெள்ளை உப்பு பூத்துப் பெயிண்ட் உரிகிறதா? யாரோ நல்லெண்ணத்தில் சிமெண்ட் பூசியிருப்பார்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் பழைய சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலே ஏறிப் பலகையின் அடிச்சட்டத்தைத் தொடும். ஈரத் தடத்துக்கு மேல் ஒரு அடிவரை சிமெண்டைக் கொத்தி எடுங்கள். வெளியே சுவரோரம் மண் உயர்ந்திருந்தால் வெட்டி, வீட்டை விட்டுச் சரிவாக விடுங்கள். சில வாரம் காய்ந்த பிறகு 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு கழுவிய மணல் கலந்து, ஒரு பூச்சு 1 செண்டிமீட்டருக்கு மிஞ்சாமல் பூசுங்கள். சில நாள் தண்ணீர் தெளித்து, நேர் வெயில் படாமல் சாக்கு தொங்கவிட வேண்டும். வேகமாகக் காய்ந்தால் மாவாக உதிரும்.

அதன் மேல் பெயிண்ட் எதற்கு? சுண்ணாம்பே அடியுங்கள். தூள் சுண்ணாம்பை இரண்டு நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு அடிக்க வேண்டும். அடித்தவுடன் ஒன்றுமே தெரியாது, கழுவிவிட்டது போல இருக்கும். அதைப் பார்த்துக் கெட்டியாகக் கரைக்கிறவர்கள்தான் பிறகு செதில் செதிலாக உதிர்கிறது என்று புலம்புவார்கள். காயக் காயத்தான் வெளுக்கும். மெல்லிசாக நாலைந்து தடவை, நாளுக்கு ஒன்று. கரைக்கும்போது கண்ணாடி, கையுறை போடுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் விடாமல் கழுவி, உடனே கிளினிக்.

ஒயரிங்கில் குடும்பம் கை வைக்கவே வேண்டாம். எரிசக்தி ஆணையத்தில் பதிந்த ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கழற்றுகிற பலகைக்கு வருவோம். கழற்றும் முன்பே ஒவ்வொன்றின் பின்புறமும் எண் எழுதுங்கள்: ‘கிழக்கு 1, கிழக்கு 2’ என்று, மழையில் அழியாத மெழுகுக் கட்டியால். ஆணியை முன்பக்கமிருந்து நெம்பினால் பலகை பிளக்கும். பின்னாலிருந்து குறடால் பிடித்து இழுங்கள், தலை மரத்துக்குள்ளாகவே வந்துவிடும். தூக்கவே முடியாத கனம் என்றால் அது செங்கால் (chengal) என்ற கெட்டி மரமாக இருக்கலாம். துளை போடாமல் ஸ்குரூ ஏற்றினால் ஸ்குரூதான் முறியும். மெர்பாவ் (merbau) மரம் என்றால் மழையில் பழுப்புச் சாயம் வடியும், வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அந்தப் பலகையை உலர்வாகத் தேய்க்கவோ நெருப்பு காட்டவோ கூடாது, சாப்பாட்டுச் சாமானுக்கும் ஆகாது.

முதல் கைவேலையாக உட்காரும் மணை செய்யச் சொல்வேன். ஒரு அங்குலத் தடிப்பில் 18க்கு 12 அங்குலப் பலகை, அடியில் குறுக்காக இரண்டு கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று ஸ்குரூ. நடு ஓட்டை சரியான அளவில் இருக்கட்டும். ஓர ஓட்டைகளைக் கட்டை நீளும் பக்கம் 3 மில்லிமீட்டர் நீள்வட்டமாக்குங்கள். மரம் குறுக்கே உப்பிச் சுருங்கும், அதற்கு இடம் கொடுக்காவிட்டால் நடுவில் விரிசல் விடும். மேலே தேங்காய் எண்ணெய் தேய்க்காதீர்கள். அது உறையாது, உட்காருகிறவர் வேட்டியில் ஒட்டும். ஆளி விதை எண்ணெய் உறைந்து படலமாகும். தேய்த்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய்க்கு ஏற்றது கொட்டாங்கச்சி அகப்பை. கண் இல்லாத பாதியை எடுத்து, நாரைக் கண்ணாடிச் சில்லால் பெரியவர்கள் சுரண்டிக் கொடுத்தால் உப்புத்தாள் போடுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்: சொரசொரப்பு எண் 80, 150, 240 என்ற வரிசையில். விளிம்புக்கு ஒரு செண்டிமீட்டர் கீழே எதிரெதிரே இரண்டு ஓட்டை, ஒன்று கொஞ்சம் பெரிசு, மற்றது சிறிசு. உள்ளே மரக்கட்டை வைத்துத் துளைத்தால் ஓடு விரிசல் விடாது. நுனி கூம்பிய மூங்கில் காம்பைப் பெரிய ஓட்டையில் நுழைத்துச் சின்னதில் இறுக்குங்கள். பச்சை மூங்கில் காய்ந்ததும் சுருங்கிக் காம்பு ஆடும், அதனால் இரண்டு வாரம் நிழலில் காயவைத்த பிறகே வெட்டுங்கள்.