பெய்லிஃப் வரும் வரை காத்திருக்க வேண்டுமா? இங்கிலாந்தில் வாடகை, வெளியேற்றம், அரசு நிதி: கேள்வி பதில்

இங்கிலாந்தில் வாடகை வீடு, வெளியேற்றம், வீடின்மை, நகர மேம்பாட்டு நிதி ஆகியவை குறித்து வந்த கேள்விகளுக்கு, ஒரு கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) வீட்டுவசதிப் பிரிவில் மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கிப் பின்னர் ஆலோசகராகப் பணியாற்றிய ஒருவர் அளித்த பதில்கள் இவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் சட்டங்கள் வேறானவை என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளவும்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): அக்கா, ஏப்ரல் மாதம் வீட்டுக்காரர், காரணம் சொல்லாமலே காலி செய்யக் கேட்கும் 21ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ் தந்துவிட்டார். கவுன்சிலுக்குப் போனால், "பெய்லிஃப் (நீதிமன்ற ஆணைப்படி வீட்டைக் காலி செய்விக்கும் அலுவலர்) வரும் வரை வீட்டை விட்டு அசையாதீர்கள், அதற்குப் பிறகு வாருங்கள்" என்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவர்கள் சொன்னதில் முதற்பாதி சரி, பிற்பாதி தவறு. தங்குவதற்கு உரிமையுள்ள வீட்டை நீங்களாகவே விட்டு வெளியேறினால், "வேண்டுமென்றே வீடிழந்தவர்" என்று முடிவு செய்து, நிரந்தர வீடு தேடித்தரும் கடமையிலிருந்து கவுன்சில் விலகிக்கொள்ள முடியும். ஆகவே அவசரப்பட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் "அதற்குப் பிறகு வாருங்கள்" என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டின் வீடின்மைக் குறைப்புச் சட்டத்தின்படி, குடிவரவு நிலையால் விலக்கப்படாத எவரும் 56 நாட்களுக்குள் வீடிழக்கும் நிலையில் இருந்தால், அதைத் தடுப்பதற்கான நடவடிக்கையைக் கவுன்சில் அப்போதே தொடங்க வேண்டும். உங்கள் நிலைமையை ஆராய்ந்து, அவர்கள் என்ன செய்வார்கள், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் ஒரு திட்டமாகத் தரவும் வேண்டும். பெய்லிஃப் கதவைத் தட்டும் வரை குடும்பங்களைக் காத்திருக்க வைக்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டிக் கோவையே சொல்கிறது. வழக்குச் செலவு பெரும்பாலும் வாடகைதாரர் தலையில்தான் விழும் என்பதால், காத்திருப்பது இலவசமும் அல்ல.

நோட்டீஸையும் ஒரு முறை கவனமாகப் பாருங்கள். முற்பணத்தை 30 நாட்களுக்குள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் வைத்து அதன் விவரத்தைத் தந்தார்களா, எரிவாயுப் பாதுகாப்புச் சான்றிதழ் தந்தார்களா என்று பாருங்கள். இவற்றில் குறையிருந்தால் நோட்டீஸ் செல்லாமற்போக வாய்ப்புண்டு. தவிர, 2026 மே 1க்கு முன் கொடுக்கப்பட்ட இத்தகைய நோட்டீஸை வைத்து வழக்குத் தொடுப்பதற்கு உரிமையாளருக்கு 2026 ஜூலை 31க்கு மேல் அவகாசம் இல்லை.

பெய்லிஃப் பற்றிய அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ தடவை தமிழாக்கிச் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்ன அதிகாரிகள் கல்நெஞ்சர்கள் அல்லர். அவர்களிடம் கொடுப்பதற்கு வீடு இல்லை, அவ்வளவுதான். ஏன் இல்லை என்பதற்குக் கீழே வருகிறேன்.

கேள்வி (ஹாரோ): காரணமில்லாத வெளியேற்றம் முற்றாக ஒழிந்துவிட்டதாமே? இனி எங்களை யாரும் வீட்டை விட்டு எழுப்ப முடியாதா?

பதில்: காரணம் சொல்லாமல் எழுப்ப முடியாது. வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்றது. 2026 மே 1 முதல், தனியார் வாடகை வீடுகளுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இல்லை. வீட்டை விற்கப் போகிறேன் என்றோ, தானே குடிவரப் போகிறேன் என்றோ உரிமையாளர் சொல்லலாம்; ஆனால் முதல் 12 மாதங்களில் அந்தக் காரணங்களைப் பயன்படுத்த முடியாது, நான்கு மாத முன்னறிவித்தல் வேண்டும், அதன் பின் 12 மாதங்களுக்கு அதே வீட்டை மறுபடி வாடகைக்கு விடவும் முடியாது. வாடகை பாக்கி மூன்று மாத அளவுக்குச் சேர்ந்தால் நிலைமை வேறு. அதற்கு நான்கு வார நோட்டீஸ் போதும். வாடகையை ஆண்டுக்கு ஒரு முறைதான் உயர்த்தலாம், அது சந்தை நிலவரத்துக்கு மேற்பட்டதாகத் தோன்றினால் தீர்ப்பாயத்தில் எதிர்க்கலாம்.

இந்தப் பிரிவை நீக்குவோம் என்று தெரேசா மே அரசு முதலில் அறிவித்தது 2019 ஏப்ரலில். 2023இல் கொண்டுவரப்பட்ட சட்டமூலம், 2024இல் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது நிறைவேறாமலேயே மடிந்தது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு வாக்குறுதி மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்த காலத்தில் எழுப்பப்பட்ட குடும்பங்களுக்கு இதுவரை எவரும் பதில் சொல்லவில்லை.

கேள்வி (கவன்ட்ரி): பின்தங்கிய ஊர்களை உயர்த்தப் போவதாகச் சொல்லிக் கோடிக்கணக்கில் நிதி அறிவித்தார்களே ஐயா, அதெல்லாம் எங்கே போனது?

பதில்: (நான் ஐயா அல்ல, அம்மா, பரவாயில்லை.) பெரும் பகுதி எங்கும் போகவில்லை, நெடுநாள் இருந்த இடத்திலேயே இருந்தது என்பதுதான் வியப்பு. லெவலிங் அப் நிதி, நகரங்கள் நிதி முதலிய திட்டங்களை ஆராய்ந்த நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு, 2024 மார்ச்சில் தன் அறிக்கையை வெளியிட்டது. 2020-21 முதல் 2025-26 வரை செலவிடப்பட வேண்டிய 1,047 கோடி பவுணில், 2023 செப்டம்பர் வரை கவுன்சில்கள் செலவிட்டிருந்தது 124 கோடி மட்டுமே. 2023 டிசம்பர் வரை கவுன்சில்களின் கைக்கு வந்து சேர்ந்ததே 370 கோடிதான். கட்டுமானச் செலவு ஏறிக்கொண்டே போனது, ஒப்புதல்கள் தாமதமாயின, முன்பு போட்ட கணக்குக்கு வேலை முடியாமல் பல ஊர்களில் திட்டத்தையே சுருக்க வேண்டியதாயிற்று.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது, யாருக்குப் பணம் என்று தீர்மானித்த விதம். லெவலிங் அப் நிதிக்காக ஒதுக்கப்பட்ட 480 கோடியைப் பெறக் கவுன்சில்கள் போட்டி போட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆலோசனை நிறுவனங்களுக்குக் காசு கொடுத்து விண்ணப்பம் எழுதிய பிறகு, முதற் சுற்றில் வென்றவர்களுக்கு இரண்டாம் சுற்றில் இல்லை என்று அமைச்சர்கள் விதியை மாற்றினார்கள். அந்த உழைப்பும் செலவும் வீணாயின. மூன்றாம் சுற்றில் புதிய விண்ணப்பமே கேட்காமல், முன்பு தோற்றவற்றிலிருந்து 55 திட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நகரங்கள் நிதியின் கதை இன்னும் பழையது. 2019இல் அதிகாரிகள் 541 நகரங்களைத் தேவையின் அடிப்படையில் வரிசைப்படுத்திக் கொடுக்க, அமைச்சர்கள் 101 நகரங்களைத் தெரிவு செய்தனர். அவ்வரிசையில் 535ஆம் இடத்தில் இருந்த சீடில் நகரமும் தெரிவானவற்றுள் ஒன்று. அதிகாரிகளின் வரிசையும் அமைச்சர்களின் தெரிவும் தணிக்கை அறிக்கை வழியே பொதுவெளிக்கு வந்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது. மேற்கு மிட்லண்ட்ஸின் அன்றைய மேயர் அண்டி ஸ்ட்ரீட், ஆளுங்கட்சிக்காரராக இருந்தும், 2023இல் இதைப் பிச்சைப்பாத்திரக் கலாசாரம் என்று கண்டித்தார்.

கேள்வி (அதே நண்பர்): அந்தப் பணத்தை வீடில்லாதவர்களுக்குத் திருப்பிவிட்டால் என்ன?

பதில்: சட்டம் அப்படி விடாது. இந்த நிதிகள் பெரும்பாலும் மூலதனச் செலவுக்கானவை. சதுக்கம், நீச்சல் குளம், பேருந்து நிலையம் கட்டலாம், நாளாந்த விடுதி வாடகையைக் கட்ட முடியாது. வீடிழந்தவருக்குத் தங்குமிடம் தருவதோ கவுன்சில் தட்டிக்கழிக்க முடியாத சட்டக் கடமை. ஆனால் அதற்காக மத்திய அரசு திருப்பிக் கொடுக்கும் மானியம் 2011 ஜனவரி மாத வாடகை உதவி வீதத்தின் 90 விழுக்காட்டிலேயே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய வாடகையில் இன்று கிழக்கு லண்டனில் ஒரு அறைகூடக் கிடைக்காது. மீதியைக் கவுன்சில் தன் கையிலிருந்து போடுகிறது. தற்காலிகத் தங்குமிடத்துக்காக இங்கிலாந்துக் கவுன்சில்கள் 2023-24இல் செலவிட்டது ஏறத்தாழ 228 கோடி பவுண், அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 280 கோடி. 2025 மார்ச் 31 அன்று அத்தகைய இடங்களில் 1,31,140 குடும்பங்கள் இருந்தன.

ஆகவே, விருப்பம்போல் கொடுக்கும் பணம் நாடா வெட்டும் விழாவோடும் அமைச்சரின் படத்தோடும் வருகிறது. கட்டாயமாகச் செலவிட வேண்டிய பணத்துக்கோ யாருடைய பெயரும் ஒட்டுவதில்லை. இந்தச் செலவு முழுவதையும் பார்த்துத் திட்டமிடும் பொது உத்தி ஒன்று அரசிடம் இல்லை என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2024 ஜூலையில் சுட்டிக்காட்டியது. முதற் கேள்வியில் வந்த கவுன்சில் அதிகாரியிடம் கொடுப்பதற்கு ஏன் வீடில்லை என்பதற்கான பதில் இதுதான்.

கேள்வி (இல்ஃபர்ட்): நான்கு பேர் ஒரே அறையில், குளியலறையும் சமையலறையும் மற்றக் குடும்பங்களோடு பொது. ஒன்பது வாரம் ஆகிவிட்டது.

பதில்: பிள்ளைகள் உள்ள குடும்பத்தையோ கர்ப்பிணியையோ அத்தகைய தனியார் விடுதியில் ஆறு வாரங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் ஆணை சொல்கிறது. நீங்கள் மூன்று வாரம் கடந்துவிட்டீர்கள். சட்ட வரம்பு கடந்துவிட்டது, எந்தத் தேதியில் மாற்றுவீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். முறைப்பாட்டுக்குக் கவுன்சில் தரும் இறுதிப் பதில் திருப்தியில்லை என்றால், உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரியிடம்) செல்லலாம். கட்டணம் இல்லை, பொதுவாக 12 மாதங்களுக்குள் செல்ல வேண்டும். இழப்பீடும் பரிந்துரைப்பார்கள்.

கேள்வி (டூட்டிங்): லண்டனுக்கு வெளியே, இரண்டு மணித்தியாலத் தூரத்தில் வீடு தருகிறார்கள். மகள் அடுத்த ஆண்டு ஜி.சி.எஸ்.இ. பொதுத் தேர்வு எழுதுகிறாள். மறுத்துவிடலாமா?

பதில்: மறுக்காதீர்கள். ஏற்றுக்கொண்டு, கடிதம் கிடைத்த 21 நாட்களுக்குள் அந்த வீடு பொருத்தமற்றது என்று மீளாய்வு கோருங்கள். மறுத்த பிறகு மீளாய்வில் தோற்றால் கவுன்சிலின் கடமை முடிந்துவிடும், தெருவில் நிற்பீர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் ஒரு தாயை மில்டன் கீன்ஸ் அருகே உள்ள பிளெட்ச்லிக்கு அனுப்ப முயன்ற வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றம் கவுன்சிலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இயன்றவரை சொந்த எல்லைக்குள் வீடு தர வேண்டும், இயலாவிட்டால் இயன்றவரை அருகில் தர வேண்டும், ஏன் இயலவில்லை என்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். தேர்வாண்டில் இருக்கும் பிள்ளையின் பள்ளிக் கடிதத்தை இன்றே வாங்கி மீளாய்வு மனுவோடு இணையுங்கள்.

கேள்வி (தெற்கு லண்டன்): எங்கள் எஸ்டேட்டை (குடியிருப்புத் தொகுதியை) இடித்துப் புதுப்பிக்கப் போவதாகக் கூட்டம் போட்டார்கள். எல்லோரும் திரும்பி வரலாம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியிலிருந்த ஹேகேட் எஸ்டேட்டில் ஏறத்தாழ 1,200 வீடுகள் இடிக்கப்பட்டன, அந்த நிலத்தில் எழுந்தவை ஏறத்தாழ 2,500, அவற்றில் சமூக வாடகைக்கு (சந்தை வாடகையைவிடக் குறைவான வாடகைக்கு) உரியவை மிகச் சிலவே. அங்கும் திரும்பி வரும் உரிமை பேசப்பட்டது. திரும்பி வரும் உரிமை என்றால் அதே வாடகை வகையா, அதே எண்ணிக்கை அறைகளா, எந்த ஆண்டில் என்று எழுதி வாங்குங்கள். 2018 ஜூலை முதல், லண்டன் மேயரின் நிதியைப் பெற்று வீடுகளை இடிக்கும் பெரிய திட்டங்களுக்குக் குடியிருப்பாளர் வாக்கெடுப்பு நிபந்தனையாக்கப்பட்டிருக்கிறது. கொடுக்கும் பணத்தோடு இத்தகைய நிபந்தனை ஒட்டியிருந்தால்தான் குடியிருப்பவன் சொல்லுக்கு விலை இருக்கும். வாக்குச்சீட்டு வரும் முன் கையெழுத்துக் கேட்டு வருபவர்களிடம் நிதானமாக இருங்கள்.

கேள்வி (லெஸ்டர்): சாதாரண மனிதர் ஒருவர் கவுன்சிலிடம் கணக்குக் கேட்க முடியுமா?

பதில்: முடியும், நம்மவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் உரிமையும் இதுதான். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மின்னஞ்சல் போதும். 20 வேலைநாட்களுக்குள் பதில் தர வேண்டும். "நிதி என்ன ஆயிற்று" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இன்ன திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு, இன்ன தேதி வரை எவ்வளவு செலவு, ஒப்பந்தக்காரர் யார் என்று கேளுங்கள். இதைவிடக் கூர்மையான ஒன்று உண்டு: 2014ஆம் ஆண்டின் உள்ளூர்த் தணிக்கைச் சட்டத்தின்படி, ஆண்டுதோறும் 30 வேலைநாட்கள் கவுன்சிலின் கணக்குகளையும் பற்றுச்சீட்டுகளையும் ஒப்பந்தங்களையும் நேரில் பார்க்கலாம். பதிவு பெற்ற வாக்காளர் தணிக்கையாளரிடம் ஆட்சேபமும் தெரிவிக்கலாம். இங்கு சட்டபூர்வமாக வசிக்கும் இலங்கை, இந்தியக் குடிமக்கள், கொமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இல்லாமலே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள முடியும் என்பதைப் பலர் அறியார்.

தணிக்கையாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடவும் முடியாது. 2022-23 கணக்குகளில் உரிய நாளுக்குள் தணிக்கை முடிந்தவை ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே. பெட்டிகளைத் திறந்து பற்றுச்சீட்டுகளைப் புரட்டுவதற்கு இரண்டு பேர் ஒரு பிற்பகல் ஒதுக்கினால் போதும்.

கேள்வி (பெயர் வேண்டாம்): எங்கள் விசாவில் பொது நிதி பெற முடியாது என்று இருக்கிறது. பிள்ளைக்கு மூன்று வயது. இந்த வார இறுதியில் வீட்டை விட வேண்டும்.

பதில்: வீட்டுவசதிப் பிரிவு உங்களைத் திருப்பி அனுப்பக்கூடும், சிறுவர் சமூக சேவைப் பிரிவிடம் செல்லுங்கள். 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தேவையுள்ள பிள்ளையின் நிலையை ஆராயும் கடமையைக் கவுன்சிலுக்குத் தருகிறது, அதன் கீழ் தங்குமிடமும் கொடுக்கலாம். அந்த உதவி பொது நிதியாகக் கணக்கிடப்படாது. பிள்ளையை மட்டும் பொறுப்பெடுக்கிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எதற்கும் சம்மதிக்காமல், ஒரு சட்ட ஆலோசகரிடம் பேசிய பின் பதில் சொல்வதாகக் கூறிவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை வரை காத்திராமல் நாளைக் காலை செல்லுங்கள்.