குழி தோண்டும்போது கிடைத்த காசுகளை என்ன செய்வது?

கேள்வி: அறந்தாங்கி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டுக் கொல்லையில் கழிவறைக்குக் குழி தோண்டியபோது ஒரு மண் கலயத்தில் சின்னச் சின்னச் செப்புக் காசுகளும் சில வெள்ளி ரூபாய்களும் கிடைத்தன. செப்புக் காசில் ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருக்கிறாள், மறுபக்கம் புரியாத எழுத்து. மாமியார் நாலைந்தைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். தாலுகா ஆபீசில் சொன்னால் கேஸ் வரும் என்கிறார்கள். ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்லித் தினமும் வருகிறார். மியூசியத்தில் காட்டினால் எங்கள் ஊரைப் பற்றி ஏதாவது தெரியுமா? - ஒரு வாசகி

பதில்: சொன்னால் கேஸ் வராது, மறைத்தால்தான் வரும். மண்ணில் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

முதலில் அந்தப் புளியை நிறுத்துங்கள். மீதிக் காசுகள் மண்ணோடும் பச்சைக் களிம்போடும் அப்படியே இருக்கட்டும். தேய்த்தால் எழுத்துதான் முதலில் போகும். 1898-இல் உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பலவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. புழக்கத்திலிருந்து நீக்குவதற்காக வெட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 'சேதாரமான காசு' என்று அவற்றை யாராவது தட்டிச் சீராக்கியிருந்தால் அந்தச் சேதியே நமக்குக் கிடைத்திருக்காது. அவற்றில் பல இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

உங்களுடையது பெரும்பாலும் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் வெளியிட்ட அம்மன் காசு. உட்கார்ந்திருப்பவள் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் தானமாகக் கொடுப்பது அரண்மனை வழக்கமாக இருந்தது. திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிரகதாம்பாள் கோயிலும் அதே ஊரில்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

இப்போது அந்தத் தினசரி விருந்தாளி. தயவுசெய்து அவரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். இவர்கள் முதலில் வெள்ளியையும் நல்ல காசையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, 'மீதி செல்லாது' என்பார்கள். அதோடு கலயத்தின் கதை முடிந்தது. கலயத்தில் எந்தக் காசு கடைசியாக அடிக்கப்பட்டதோ, அதற்குப் பிறகுதான் அதைப் புதைத்திருக்க முடியும். வெள்ளி ரூபாயில் ஆண்டு போட்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் கலயத்தை எப்போது புதைத்தார்கள் என்று சொல்வது கடினம். இன்னும் சிலர் கலயத்தைப் பார்த்து 'இரிடியம்' என்ற விலையுயர்ந்த உலோகம் என்பார்கள், அரிசியை இழுக்கும் என்பார்கள், சோதனைக்கு முன்பணம் கேட்பார்கள். அத்தனையும் மோசடி. ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கமிஷனோ வரியோ கேட்டாலும் நம்பாதீர்கள். 2021-இலேயே வங்கி இதை எச்சரித்துவிட்டது.

உங்களுக்குச் சாதகமான ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். கண்டெடுத்த நாளுக்கு முந்தைய 100 ஆண்டுக்குள் உங்கள் தாத்தாவோ பாட்டனோ புதைத்தது என்று நம்பக் காரணம் இருந்தால், கலெக்டர் அதை உரிமையாளர் இல்லாத புதையல் என்று உடனே முடித்துவிட முடியாது. சிவில் கோர்ட்டில் உங்கள் உரிமையை நிரூபிக்க வாய்ப்புத் தர வேண்டும். இந்தக் காசை வெளியிட்ட புதுக்கோட்டை சமஸ்தானமே 1948-இல்தான் இந்தியாவோடு இணைந்தது, அதனால் இது நடக்காத காரியம் இல்லை. கலயத்தில் 1940-ஆம் ஆண்டு ரூபாய் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். புதைத்தது அதற்குப் பிறகுதான், அதாவது 100 ஆண்டுக்குள்தான். அந்த மனை அப்போதே உங்கள் குடும்பத்துடையது என்று காட்டும் பத்திரமும் இருந்தால் உங்கள் கோரிக்கை வலுவாகும். இதற்காகத்தான் சொல்கிறேன்: கலயத்தின் உடைந்த ஓட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். மாறாக, எல்லாமே பழையதாக இருந்தால் இந்த வாதத்தை நிரூபிப்பது கடினம்.

யாரும் உரிமை கோராவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. குழி தோண்டியது கூலியாள் என்றால் முக்கால் பங்கு அவருக்குத்தான், அவரை ஏமாற்றிவிடாதீர்கள். அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் தருவார்கள். செம்புக்கு அது எவ்வளவு வரும்? இந்தக் கணக்கை மாற்றாமல், ஜனங்கள் புதையலை ஒப்படைப்பதில்லை என்று அதிகாரிகள் குறைபடுவதில் நியாயமே இல்லை.

கலெக்டருக்கு எழுதும் மனுவில், காசு கிடைத்த தேதி, இடம், காசுகளின் எண்ணிக்கை, தோராய மதிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து இணையுங்கள். நேரில் கொடுத்தால் 'பார்க்கிறோம், போங்க' என்று அனுப்பிவிடும் ஆபீஸ்கள் நிறைய. அதனால் போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி கலெக்டருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலைத் தாசில்தாருக்கும் அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கும் அனுப்புங்கள். பொருளை ஒப்படைக்கும்போது எண்ணிக்கை போட்ட ரசீது இல்லாமல் கையை விட்டு எதையும் கொடுக்க வேண்டாம். மனுவின் கடைசியில், காட்சிக்கு வைத்தால் பெயர்ப் பலகையில் எங்கள் ஊர்ப் பெயரையும் போட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். கேட்காவிட்டால் வெறும் 'செப்புக் காசுகள்' என்று எழுதி வைத்துவிடுவார்கள்.