குமிழி காட்டிக்கொடுத்த படம்: கைடு செய்த தவறுக்கு நானும் பொறுப்பா?

கேள்வி: வணக்கம் மேடம். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர்வேதியியலில் பி.எச்டி ஐந்தாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் லேபிலிருந்து போன வருடம் வந்த கட்டுரையில் நான் மூன்றாவது ஆசிரியர். அதன் நான்காவது படம், 2022இல் வேறொரு புரதத்துக்காக நான் எடுத்த வெஸ்டர்ன் பிளாட் (ஒரு மாதிரியில் உள்ள புரதத்தைப் பட்டைகளாகக் காட்டும் சோதனைப் படம்). அதை இடவலமாகத் திருப்பி வேறு பெயர் போட்டிருக்கிறார்கள். புரதத்தை மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றும்போது ஓரத்தில் விழுந்த காற்றுக் குமிழியின் வெள்ளைத் தழும்பு அப்படியே இருந்ததால்தான் எனக்குப் பிடிபட்டது. இது போதாதென்று, என் இரண்டாம் ஆண்டு அளவீடுகளை வைத்து, எனக்குத் தெரியாத ஒருவரை முதல் ஆசிரியராகப் போட்டு, என் பெயரே இல்லாமல் இன்னொரு கட்டுரையும் வந்துவிட்டது. நான்கு மாதத்தில் ஆய்வேட்டின் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்க வேண்டும், கைடு கையெழுத்துப் போட வேண்டும். போலீஸுக்குப் போ என்கிறார்கள் சிலர், ஃபேஸ்புக்கில் போடு என்கிறார்கள் சிலர். முதல் கட்டுரையில் என் பெயரும் இருப்பதால் நானும் குற்றவாளியா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. உங்கள் உழைப்பை இன்னொருவர் பெயரில் வெளியிட்டது ஒன்று. இல்லாத முடிவை இருப்பதாகக் காட்டியது மற்றொன்று. சட்டம் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்பதால் தனித்தனியாகவே புகார் எழுதுங்கள்.

முதலாவதற்கு, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகள் இருக்கின்றன. இதில் ஒரு பொறி உண்டு. முன்பே வெளியான எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60க்கும் மேல் என்று மூன்று படிகள். கடைசிப் படிக்குப் போனால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது, மூன்று ஆண்டுக்குப் புது மாணவர்களுக்கு வழிகாட்ட முடியாது. ஆனால் மென்பொருள் எண்ணுவது வார்த்தைகளை. உங்கள் அளவீடுகளை எடுத்து வேறு வாக்கியங்களில் எழுதிவிட்டால் அது 5 சதவீதம்கூடக் காட்டாது. அந்த ரிப்போர்ட்டை நீட்டி "எல்லாம் சுத்தமாக இருக்கிறதே" என்பார்கள். ஆகவே புகாரில் சதவீதம் பற்றி ஒரு வார்த்தை எழுதாதீர்கள். அதே விதிமுறையின் வரையறையைக் காட்டுங்கள்: பிறர் வேலையையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவதே கருத்துத்திருட்டு. வேலை என்றால் அளவீடும்தான்.

புகார் முதலில் துறை அளவிலான நேர்மைக் குழுவுக்குப் போகும். அது 45 நாளில் அறிக்கை தர வேண்டும். பிறகு நிறுவன அளவிலான குழு, அதற்கும் 45 நாள். துறைக் குழுவுக்குத் தலைவர் துறைத் தலைவரே. உங்கள் கைடுதான் துறைத் தலைவர் என்றால் நேராக நிறுவனக் குழுவுக்கே எழுதுங்கள். தன் வழக்கில் தானே நீதிபதியாக யாரும் உட்கார முடியாது.

இரண்டாவது விஷயம்தான் சிக்கல். ஆய்வு முடிவைத் திரித்தால் இன்ன தண்டனை என்று நேராகச் சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. போலீஸில் கொடுத்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவான ஏமாற்றுதலைத்தான் தேட வேண்டும். யாரை ஏமாற்றினார், எந்தப் பொருளை இழக்க வைத்தார் என்று போலீஸ் இன்ஸ்பெக்டர் கேட்பார். பிளாட் படத்தைக் காட்டி அவருக்குப் புரியவைப்பது தனிக் கதை. மற்ற நாடுகளிலும் பொய்த் தரவு சிறை வரை போனது, பெரும்பாலும் பணம் கலந்தபோதுதான். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த எரிக் போல்மனுக்கு 2006இல் ஓராண்டும் ஒரு நாளும் சிறை விதித்தார்கள். அரசு நிதிக்கான விண்ணப்பத்தில் பொய்த் தரவு வைத்ததற்காக. அவரைக் காட்டிக்கொடுத்தது அவர் லேபில் வேலை பார்த்த இளைஞர். தென்கொரியாவின் ஹுவாங் வூ சுக், குளோனிங் கட்டுரைகள் பொய் என்று உலகமே அறிந்தபின், 2009இல் தண்டிக்கப்பட்டது நிதிக் கையாடலுக்கும் உயிரிநெறிச் சட்டத்தை மீறியதற்கும். உங்கள் கைடும் அந்தப் படத்தைக் காட்டி அரசு நிதி வாங்கியிருந்தால் நிலைமை வேறு. அப்போதும் புகார் தர வேண்டியது நிதி கொடுத்த துறை. உங்கள் வேலை அவர்களுக்குத் தெரிவிப்பதோடு முடிந்தது.

சரி, நீங்கள் குற்றவாளியா? இல்லை. சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழக நிலவியல் பேராசிரியர் வி.ஜே.குப்தா, வேறு நாடுகளில் கிடைத்த தொல்லுயிர் எச்சங்களை இமயமலையில் கிடைத்ததாக எழுதிவந்ததை 1989இல் நேச்சர் இதழில் ஆஸ்திரேலியரான ஜான் டேலண்ட் அம்பலப்படுத்தினார். குப்தாவோடு பெயர் சேர்த்திருந்த கூட்டாசிரியர்கள் பலர், அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அவர் சொன்னதை நம்பியவர்கள். ஆனால் உங்களுக்கு இப்போது தெரியும். தெரிந்த தேதிவரை நீங்கள் ஏமாந்தவர், அதன்பின் வாய்மூடி இருந்தால் நாளை விசாரணைக் குழு கேட்கும் முதல் கேள்வியே "எப்போது தெரியும்?" என்பதாக இருக்கும். அதற்கு உங்கள் கையில் தேதி போட்ட தாள் ஒன்று வேண்டும்.

அந்தத் தாள் கைடுக்கு எழுதும் கடிதம். இவ்வளவு போதும்: "நமது கட்டுரையின் நான்காம் படம், என் லேப் நோட்டில் 2022ஆம் ஆண்டு இன்ன தேதியில் உள்ள பிளாட்டைத் திருப்பியது போல் தெரிகிறது. மூலப்படத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்." மோசடி, திருட்டு என்ற சொற்கள் வேண்டாம். பத்து நாளில் பதில் இல்லையென்றால் டீனுக்கும் இதழாசிரியருக்கும் அதே கடிதத்தின் நகல். படத் தவறை இதழ்கள் கவனிக்கும். யார் பெயர் வர வேண்டும் என்ற சண்டையைப் பல்கலைக்கழகத்துக்கே திருப்பிவிடுவார்கள், அதை இதழுக்குக் கொண்டுபோய் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பெயரில்லாமல் எழுதலாமா என்றால் எழுதலாம், ஆனால் அந்தக் குமிழியை அடையாளம் தெரிந்தவர்கள் உங்கள் லேபில் எத்தனை பேர்? யார் எழுதியது என்று மறுநாளே தெரிந்துவிடும். தகவல் அளிப்போரைக் காக்க 2014இல் வந்த சட்டம் இன்னும் நடைமுறைக்கு வராததால், அதையும் நம்ப முடியாது.

ஃபேஸ்புக் கூடவே கூடாது. அவதூறுக்கு அதே நியாய சன்ஹிதாவில் 356ஆவது பிரிவு இருக்கிறது. நல்லெண்ணத்தோடு, விசாரிக்கும் அதிகாரமுள்ளவரிடம் செய்யும் புகாருக்கு அதில் விலக்கு உண்டு. உங்கள் நண்பர்கள் பட்டியல் அப்படிப்பட்ட அதிகாரி அல்ல.

ஆதாரம் பற்றி ஒரு எச்சரிக்கை. லேப் நோட்டு பொதுவாக நிறுவனத்தின் சொத்தாகவே கருதப்படும். பக்கங்களைப் படம் எடுங்கள், நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். என்னிடம் வந்த ஒரு ஸ்காலர் ஹார்டு டிஸ்க்கையே கழற்றிக்கொண்டு போய்விட்டார். விசாரணை முழுக்க அந்த டிஸ்க்கைப் பற்றியே நடந்தது, அவர் சொன்ன தவறை யாரும் தொடவில்லை. கருவியில் பதிவான மூலக் கோப்பு, கைடுக்கு நீங்கள் அதை இணைத்து அனுப்பிய மின்னஞ்சல், ஆறு மாதத்துக்கொரு முறை, உங்கள் ஆய்வை மேற்பார்வையிடும் டாக்டோரல் கமிட்டியில் காட்டிய ஸ்லைடுகள், அந்தக் கூட்டக் குறிப்பு: இவைதான் இரண்டாம் ஆண்டு அளவீடு உங்களுடையது என்று பேசும். நீதிமன்றம் வரை போனால் மின்னணுப் பதிவுகளுக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமின் 63ஆவது பிரிவுச் சான்று வேண்டும், ஆகவே மூலக் கோப்பைத் திறந்து சேமித்து தேதியைக் கெடுத்துவிடாதீர்கள். இன்னொன்று: அந்த நான்காம் படமோ அதை ஒட்டிய முடிவோ உங்கள் ஆய்வேட்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆய்வேட்டின் உறுதிமொழியில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்.

கைடு கையெழுத்து மறுத்தால்? 2023ஆம் ஆண்டு யுஜிசி விதிப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு உண்டு, 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு. அதற்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட், அதாவது பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிடக் கோரும் மனு. நீதிபதி உங்கள் பிளாட்டைப் பார்த்துத் தீர்ப்பு எழுதமாட்டார், கல்வி விஷயத்தை நிபுணர்களிடம் விடுவதே வழக்கம். புகாரை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடு என்று உத்தரவிடுவார். உங்களுக்கு இப்போது தேவைப்படுவதும் அதுதான். ஆனால் அந்த உத்தரவு கிடைக்க, நீங்கள் முன்பே எழுத்தில் கேட்டதற்கு அத்தாட்சி இருக்க வேண்டும்.

அதனால் கடிதத்தை நேரில் கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் துறை அலுவலக சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மாட்டோம் என்றால் வாக்குவாதம் வேண்டாம், அன்றே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டம் அதற்குள் வந்தால், கடிதம் கொடுத்த விவரத்தைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.