கல்லறைச் சுவர்களைக் காக்கும் பணி: ஒரு மாணவியின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், எகிப்திய அரசர்களின் கல்லறைகளில் உள்ள வண்ணப் புடைப்புச் சிற்பங்களை ஆவணப்படுத்திப் பாதுகாக்கும் பணிக்கே செல்வேன் என்று உறுதியாக இருப்பதாகவும், அதை நம்பிப் பொறியியல் இடத்தை விடலாமா என்ற கவலை உங்களை வாட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இது வெறும் கனவுத் தொழில் அன்று. நூறாண்டுக்கும் மேலாக ஒழுங்குபெற்று வளர்ந்துள்ள துறை. ஆனால் வாசல் குறுகியது. இரண்டையும் சேர்த்தே நீங்கள் எடைபோட வேண்டும்.

அந்தச் சுவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்தால்தான் இந்த வேலையின் தேவை விளங்கும். எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், அரசர்களின் பள்ளத்தாக்கில் முதலாம் செத்தி என்ற மன்னரின் கல்லறையை 1817-இல் இத்தாலியரான ஜொவான்னி பெல்சோனி கண்டுபிடித்தார். அவரும் ரிச்சி என்ற ஓவியரும் சுவர்களைப் பார்த்து நீர்வண்ணப் படிகளை வரைந்தார்கள். அதே குழுவினர் மெழுகை வைத்து அழுத்தி அச்சும் எடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் ஈரத்தாளை ஒட்டி அச்செடுத்தார்கள். மூவாயிரம் ஆண்டுகள் தங்கியிருந்த வண்ணம் அவற்றோடு உரிந்து வந்துவிட்டது. 1829-இல் எகிப்தியல் அறிஞர்களான ஷம்போலியோனும் ரோசெல்லினியும் வாயிற்பக்கச் சிற்பப் பலகைகள் இரண்டை அறுத்தெடுத்தார்கள். ஒன்று பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்திலும் மற்றொன்று புளோரன்ஸிலும் இருக்கின்றன. இன்று சுவரில் இல்லாத வண்ணம் எதுவாக இருந்தது என்பதற்கு, பெல்சோனி குழுவினரின் நீர்வண்ணப் படங்களே முக்கியமான சான்றுகளுள் ஒன்று. சுவரைக் கெடுத்த குழுவின் கையால் வரைந்த படமே அந்தச் சுவருக்குச் சாட்சியாக நிற்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஆகவே ஆவணப்படுத்துதல் என்பது பாதுகாப்புக்கு முந்தைய சிறு வேலை அன்று. பாதுகாப்பில் பாதி அதுவே. லக்சரில் 1924-இல் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகக் கல்வெட்டாய்வுக் குழு வகுத்த முறையை உங்கள் மகள் படித்துப் பார்க்கட்டும். அந்த மரபுவழி முறையில், முதலில் சுவரைப் புகைப்படம் எடுத்துப் பெரிதாக்குகிறார்கள். ஓவியர் அந்தப் படத்துடன் சுவரின் முன் அமர்ந்து, செதுக்கிய கோடு எது, பிற்காலச் சிதைவு எது என்று பிரித்தறிந்து, படத்தின் மீதே பென்சிலால் வரைகிறார். அதற்கு மை தீட்டியபின் புகைப்படத்தை வெளுக்க வைத்துவிட, கோடுகள் மட்டும் எஞ்சுகின்றன. அதன் படியை எகிப்தியல் அறிஞர் இருவர் ஒருவர்பின் ஒருவராகச் சுவரோடு ஒப்பிட்டுத் திருத்தங்களைக் குறிக்கிறார்கள். ஓவியர் அவற்றைத் தாமும் சுவரில் சரிபார்த்த பிறகே ஏற்கிறார். வெளிச்சம் இடது மேற்புறத்திலிருந்து விழுவதாகக் கொண்டு, புடைப்பாக இருந்தால் வலப்புறமும் கீழ்ப்புறமும், குழிவாக இருந்தால் இடப்புறமும் மேற்புறமும் கோட்டைத் தடிப்பாக வரைவது மரபு. தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் எது புடைப்பு, எது குழிவு என்று சொல்லிவிடுவார்.

பாதுகாப்புப் பணிக்கு நெஃபர்தாரி அரசியின் கல்லறையே எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம். 1904-இல் இத்தாலியத் தொல்லியலாளர் ஸ்கியாபரெல்லி அதைக் கண்டுபிடித்தபோதே சுதை, அதாவது ஓவியம் தாங்கிய சுவர்ப்பூச்சு, பல இடங்களில் உதிர்ந்திருந்தது. காரணம் உப்பு. பாறையிலும் சுதையிலும் உள்ள உப்பு ஈரத்தில் கரைந்து நகர்கிறது. ஈரம் உலரும்போது சுதைக்குப் பின்னால் படிகமாக வளர்ந்து, ஓவியத்தை வெளியே தள்ளுகிறது. எகிப்திய அரசின் தொல்பொருள் துறையும் அமெரிக்காவின் கெட்டி (Getty) பாதுகாப்பு நிறுவனமும் 1986 முதல் 1992 வரை அங்கே பணியாற்றின. பாதுகாப்பு வல்லுநர்களான பாவ்லோ மோரா, லாரா மோரா தம்பதியர் தலைமையில் எகிப்தியரும் இத்தாலியரும் சேர்ந்து உழைத்தார்கள். விழவிருந்த துண்டுகளை முதலில் மெல்லிய ஜப்பானியத் தாள் பட்டைகளால் தாங்கிப் பிடித்தார்கள். சேதத்தை முழுவதும் பதிவு செய்த பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்கினார்கள். அழிந்துபோன உருவங்களைப் புதிதாக வரைந்து நிரப்பவில்லை. அந்தத் தன்னடக்கம்தான் இத்தொழிலின் ஒழுக்கம்.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். எகிப்தில் வெளிநாட்டுக் குழுக்கள் அந்நாட்டு அரசின் அனுமதியுடன், பெரும்பாலும் ஆண்டின் சில மாதங்கள் மட்டும் பணியாற்றுகின்றன. நாள்தோறும் நடக்கும் பணியில் பெரும்பங்கு எகிப்தியப் பாதுகாப்பாளர்களுடையது, அதுவே முறையும்கூட. எனவே லக்சரில் நிரந்தர வேலை கிடைக்கும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். ஆனால் உப்பையும் சுதையையும் நிறமிகளையும் அறிந்தவருக்கு எந்த நாட்டுச் சுவரும் வேலைக்களமே. என் பரிந்துரை, முதலில் வேதியியலில் இளங்கலை. உடன் ஓவியப் பயிற்சியை விடாமல் தொடரட்டும். பிறகு நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் பாதுகாப்புத் துறை முதுகலை. அதன்பின் லக்னோவில் உள்ள தேசியப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம், பண்பாட்டுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கென ரோமில் உள்ள பன்னாட்டு அமைப்பான இக்ரோம் (ICCROM) ஆகியவற்றின் பயிற்சிகளை நாடலாம். அரபு மொழியை இப்போதே தொடங்குவது நல்லது.

பொறியியல்தான் வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தாலும் கதவு முற்றிலும் அடைபடாது. துட்டன்காமன் என்ற எகிப்திய மன்னரின் கல்லறையை முப்பரிமாணத்தில் வருடிப் பதிவு செய்து உருவாக்கிய நகல் அறை 2014-இல் லக்சரில் திறக்கப்பட்டது. அத்தகைய பணிக்குக் கணினியும் அளவைக் கருவிகளும் அறிந்தவர்கள் தேவை. எனினும் வேதியியல் வழியே உங்கள் மகளின் விருப்பத்துக்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அருகிலுள்ள பழைய கோயில் ஒன்றில், நிர்வாகத்தின் அனுமதி பெற்று, ஒரு புடைப்புச் சிற்பத்தின் ஒரு சாண் பகுதியை மட்டும், கல்லைத் தொடாமல், பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் அடித்து, மூன்று நாள்கள் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வரையச் சொல்லுங்கள். மூன்றாம் நாளில் சலிப்புத் தட்டுகிறதா, முதல் நாள் காணாத கோடு ஒன்று கண்ணில் படுகிறதா என்று கேளுங்கள். பின்னாளில் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்த ஹாவர்ட் கார்ட்டர், 1891-இல் எகிப்தின் பெனி ஹசன் கல்லறைகளில் படி எடுக்கச் சென்றபோது அவருக்கு வயது 17. கல்லூரிப் படிப்பு இல்லை, வரையும் கை மட்டுமே இருந்தது. மூன்று நாள் படங்களையும் கிழிக்காமல், தேதியிட்டு, அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள்.